நான்கெல்லை

வடக்கே கர்னல் வீட்டு வேலி
கிழக்கே இடி விழுந்த ஓக் மரம்
தெற்கே சதுப்பு
மேற்கே தேவாலயத்துக்குப் போகும் வண்டித்தடம்
இதற்குட்பட்ட பதினோரு ஏக்கர்.
ரொக்கம் முப்பது டாலர்
மீதிக்கு அறுபது பீப்பாய் சிப்பி.
வாங்கியவர் லெமுவேல் டாலிவர்,
விடுதலையான ஏழாம் வருஷம்.
கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில்
ஒரு பெருக்கல் குறி.

கவுண்டியின் பத்திர அறையில் எனக்குப் பத்தொன்பது வருஷம்.
ஈரம் ஏறி, முதல் மூன்று தொகுதிகளைத் திறந்தால்
உப்பு வாடை.
இந்தப் பக்கத்தை மட்டும்
விளக்கில்லாமலே எடுத்துவிடுவேன்.

வேலி போயிற்று.
ஓக் மரம் ஓர் ஆகஸ்ட் புயலில்.
வண்டித்தடம் எப்போது என்று
யாரும் குறித்து வைக்கவில்லை.
செசபீக் விரிகுடா
எல்லை அளக்க சர்வேயரைக் கூப்பிடுவதில்லை.
பதினோரு ஏக்கருக்கும் இன்று
நான்கு பக்கமும் தண்ணீர்,
தலைக்கு மேலும் தண்ணீர்.

ஆனாலும் டிசம்பர் ஐந்தாம் தேதி
மஞ்சள் பள்ளிப் பேருந்தை வாசலில் உறுமவிட்டு
ஒரிண்டா டாலிவர் வந்துவிடுவாள்.
இரண்டு டாலர் பதினெட்டு சென்ட்.
சில்லறைகூடத் தர வேண்டியிருக்காது.

இந்த வருஷம் என் மேசையில் சுற்றறிக்கை:
நீரில் மூழ்கிய மனைகளைப்
பதிவேட்டிலிருந்து நீக்குக.
எப்படிச் சொல்வது என்று காரில் ஒத்திகை பார்த்திருந்தேன்.
இங்கே வந்ததும்
காகிதத்தை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன்,
அவ்வளவுதான்.

நின்றபடியே படித்தாள்.
"கர்னல் வீடு எரிஞ்சு எத்தனை வருஷம்?"
தொண்ணூறு இருக்கும் என்றேன்.
"பலகை புதுசா இருக்கே."

பலகை புதுசுதான்.
மரபுக் கழகம் வசூல் செய்து வைத்தது,
எழுத்துக்குத் தங்க வண்ணம் பூசியது என் தம்பி.
விற்றவர் பெயரை நான் இன்னும் சொல்லவில்லை.
அது எங்கள் வீட்டுப் பெயர்.
பௌர்ணமி ஓதத்தில் அந்த நிலத்தில்
முழங்காலளவு நீர் நிற்கும் என்று
கர்னலுக்குத் தெரியும்.
விற்பதற்கு முந்தைய மார்ச்சில்
தன் கைப்பட எழுதியிருக்கிறார்.
நாட்குறிப்பு கழகத்தின் கண்ணாடிப் பேழைக்குள்,
வேறொரு பக்கம் திறந்தபடி.

சதுப்பு வளைவில்
பேருந்தில் ஏறும் பிள்ளைகள் கிடையாது.
இருந்தும் தினமும் அங்கே நிற்கிறது,
கதவு திறக்கிறது, மூடுகிறது.
பெற்றோர் ஒருமுறை புகார் எழுதினார்கள்.
பிள்ளைகளோ அதையும் ஒரு நிறுத்தமென்றே
எண்ணி வளர்ந்துவிட்டார்கள்.

"ரசீது" என்றாள்.

சுற்றறிக்கையை இழுப்பறையில் போட்டேன்.
கார்பன் தாளை நேராக்கி
தொகை, தேதி, பெயர் எழுதினேன்.
நிலத்தின் தற்போதைய நிலை என்றொரு கட்டம்,
எல்லோருக்கும் காலியாக விடுவது.
இம்முறை நிரப்பினேன்:
மாலை நாலு பத்துக்கு நீர் வற்றும்.
புகைபோக்கியில் செங்கல்
பதினேழு வரிசை தெரியும்.

கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி வாசித்தாள்.
நான் எப்போது போய்ப் பார்த்தேன் என்று கேட்கவில்லை.
"பத்தொன்பது" என்றாள்.

அடித்துத் திருத்தி
ஓரத்தில் சுருக்கொப்பமிட்டேன்.