மீதி இருநூற்றுப் பன்னிரண்டு

முதலில் ஒரு சதுரம். அதற்குள் ஒரு செல்.
பக்கத்துச் சதுரம் காலியென்றால் இரண்டாகலாம்.
ஆக்சிஜன் எட்டாவிட்டால் உறங்கலாம்.
அதிகம் உறங்கினால் சாகலாம்,
சில சமயம் காரணமில்லாமலும்.
இவ்வளவுதான் நான் எழுதிய சட்டம்.
மீதியைக் கணினி பகடை உருட்டிப் பார்த்துக்கொள்ளும்.

பாசலில், ரைன் நதி முழங்கை மடக்கும் இடத்தில்,
மூன்றாம் மாடியில்,
இரவெல்லாம் என் கட்டிகள் வளர்கின்றன.
யாருக்கும் வலிப்பதில்லை.
காலையில் காப்பியோடு வந்து பார்ப்பேன்
எது எவ்வளவு பெருத்திருக்கிறதென்று,
மாவு பொங்கியிருக்கிறதா என மூடியைத் தூக்குவதுபோல.
இதை ரேகுலாவிடம் ஒருமுறை சொன்னேன்.
அவள் நுண்ணோக்கியிலிருந்து முகமெடுக்காமலே,
"என் கண்ணாடித் தகடுகளில் ஒன்றுகூட
உன்னுடையதைப் போல உருண்டையாக இல்லை" என்றாள்.
செல்லும் செல்லும் ஒட்டிக்கொள்ளும் பிசுக்கை
பாதியாகக் குறைத்தேன்.
மறுநாள் திரையில் விரல்கள் முளைத்திருந்தன.
எனக்குச் சந்தோஷமாக இருந்தது.
அதை யாரிடமும் சொல்லவில்லை.

இந்த ஊர் மொழியில் இதன் பெயர் நண்டு.
என் மொழியில் புற்று.
கரையான் மண்ணைக் குழைத்துக் கட்டுவது;
ஒவ்வொன்றுக்கும் பக்கத்து மண்துளி மட்டுமே தெரியும்,
முழு வரைபடம் எதனிடமும் இல்லை.
கணக்குக்கு என் மொழிதான் கிட்டே வருகிறது.

பதினேழாம் எண் ஒரு செவ்வாய்க்கிழமை நேரில் வந்தார்.
எண்ணுக்குக் குடை இருக்குமென்று நான் நினைத்ததில்லை.
சொட்டும் குடை, சீருடை, எர்வின் கீசின் என்ற பெயர்.
ஆறாம் எண் ட்ராம் ஓட்டுகிறார்.
கல்லீரலில் முப்பத்தொரு மில்லிமீட்டர்.

"பின்னால் ஓட்டிக் காட்டுங்கள்" என்றார்.
"எந்த நாளில் தொடங்கியதென்று தெரியவேண்டும்."

விழுந்த பகடை கைக்குள் திரும்பாது என்றேன்.
முன்னால் மட்டும்தான் ஓடும்.
ஆயிரம் தடவை ஒன்றிலிருந்து தொடங்கி
எவை உங்கள் ஏப்ரல் படத்தோடு ஒத்துப்போகின்றன என்று
ஒப்பிட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான்.

அவர் ஏமாறவில்லை.
"எங்கள் ட்ராமுக்கும் பின்பக்கம் ஓட்டுநர் அறை கிடையாது.
கடைசி நிறுத்தத்தில் வளையம் இருக்கும்.
சுற்றித்தான் வரவேண்டும்."

ஆயிரத்தையும் ஓட்டி வைத்திருந்தேன்.
ஒன்றில் அது மூன்று வருடத்துக்கு முந்தைய நவம்பர்.
ஒன்றில் ஏழு வருடத்துக்கு முன், ஒரு ஜூலை.
"அந்த ஜூலையில் சமையலறைக்கு மஞ்சள் அடித்தோம்" என்றார்.
பிறகு, "நிறம் சரியாக வரவில்லை."

வரைபடத்தின் மூலையில் சின்ன எழுத்தில் 788.
பத்தொன்பது வருடம் அட்டவணை படித்த கண் அங்கே நின்றது.
"ஆயிரம் என்றீர்களே. மீதி?"

மீதி இருநூற்றுப் பன்னிரண்டு.
முதல் செல்லோ, அதன் பேத்தியோ
தானாகவே செத்துப்போன ஓட்டங்கள்.
கட்டி ஆகாதவை. அவற்றை அளக்க எதுவுமில்லை.
கட்டுரையில் ஓர் அடிக்குறிப்பாக வரும்.

"அதில் ஒன்றைப் போடுங்கள்."

விதையெண் நாற்பத்தொன்று.
ஒரு புள்ளி. இரண்டு. நான்கு.
மூன்று.
ஒன்று.
பிறகு வெள்ளை.

ஓட்டம் நிற்கவில்லை.
எதுவுமில்லாதபோது நிற்கச் சொல்லி
நான் சட்டம் எழுதியிருக்கவில்லை.
மூலையில் நாட்கள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தன,
நானூறு, எண்ணூறு, இரண்டாயிரத்து அறுநூறு.
காலிச் சதுரங்களுக்குள் ஆக்சிஜன்
யாருக்கென்றில்லாமல் பரவிக்கொண்டிருந்தது.

நிறுத்தக் கை நீட்டினேன்.
அவர் குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு
நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஓடட்டும்.
எனக்கு ஷிஃப்ட் நாலேகாலுக்குத்தான்."