நாகமணி, எண் 17

பெரியமேட்டில் தோல் கடைகளுக்கு நடுவே
என் ஹீட் பிரஸ்.
நூற்றறுபது டிகிரி, பதினைந்து நொடி.
ஒருவன் பெயர் இன்னொருவன் முதுகில்
ஒட்டிக்கொள்ள அவ்வளவுதான் ஆகும்.

கணக்கு நோட்டில் இந்த சீசன்:
மஞ்சள் கிரிக்கெட் சட்டை அறுநூற்று நாற்பது.
ஃபுட்பாலில், பிரேசில்காரர் எண்பத்து மூன்று.
நம்ம ஊர் கோல்கீப்பர் முப்பது,
அதில் இருபது அவர் மாமனாரே வாங்கியது.
ஹரு நாகாமினே, ஒகினாவாக்காரன், வயது இருபத்திரண்டு:
பதினொன்று.
அதிலும் ஒன்று திரும்பி வந்தது, கை குட்டையாம்.

வியாசர்பாடிப் பையன்கள் வாயில்
நாகாமினே நிற்கவில்லை.
இரண்டாவது ஆட்டத்திலேயே வழுக்கி
நாகமணி ஆகிவிட்டது.
பாம்பு தலையில் ஒளித்து வைத்திருக்குமாமே, அந்தக் கல்.
யாரும் பார்த்ததில்லை.
இவனையும் கோச்
பெஞ்சில்தான் ஒளித்து வைத்திருந்தார்.

நவம்பரில் ஒரு மழை மதியம்
ஆட்டோவிலிருந்து இறங்கினான்,
காலில் ரப்பர் செருப்பு.
பக்கத்துக் கடை சம்சுதீன் பாய் கேட்டார்,
"மணிப்பூரா தம்பி? ஓட்டல்ல வேலையா?"
புரியாமல் குனிந்து வணங்கினான்.
பாய் பதறி எழுந்து தானும் குனிந்தார்.
கொஞ்ச நேரம் இருவரும் மாறி மாறி.

அவன் போனுக்குள்ளிருந்து
ஒரு பெண் குரல், இலக்கணச் சுத்தமாக:
"எனது பெயர் எத்தனை விற்பனையானது?"
ஐம்பது என்று சொல்லியிருக்கலாம்.
யார் எண்ணப் போகிறார்கள்.
நோட்டைத் திருப்பி அவன் பக்கம் வைத்தேன்.
தமிழ் தெரியாது, எண் தெரியுமே.
விரல் 640-ல் கொஞ்சம் நின்றது,
83-க்கு இறங்கியது,
11-ஐ இரண்டு முறை தட்டியது.
"ஒரு முழு அணி" என்றது போன்.
சிரித்துச் சொன்னானா, தெரியவில்லை.
அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

சனிக்கிழமை, எழுபத்தொன்றாம் நிமிடம்
உள்ளே விட்டார்கள்.
கீப்பர் விழுந்து கிடக்க
கோல் வாயைத் திறந்து வைத்திருந்தது.
பந்தைத் தூக்கி
எங்கள் கேலரிக்கே அனுப்பினான்.
மொத்த கேலரியும் எழுந்தது.
"யோவ் நாகமணி, கண்ணு என்ன பொடனியிலயா?"
"நாகமணி, போய் நல்லா சோறு துன்னுட்டு வாடா!"
முன்பாதியில் பிரேசில்காரர் விட்டபோது
வெறும் ச்சே.
பெயர் சொல்லி யாரும் வையவில்லை.

திங்களன்று மோனிஷா வந்தாள்,
சத்தியமூர்த்தி நகர் பெண்கள் அணியின் லெஃப்ட் பேக்,
உள்ளங்கை ஈரத்தில் சில்லறை.
"தமிழ்ல அடிங்கக்கா. நா, க, ம, மூணு சுழி ணி."
தமிழ் எழுத்து ஸ்டாக்கில் இல்லை,
இதுவரை எவரும் கேட்டதில்லை.
வினைல் ஷீட்டில் கையால் வெட்டினேன்.
மூன்றாவது சுழியில் கத்தி வழுக்கி
கட்டைவிரலில் லேசாக ரத்தம்.
பன்னிரண்டு.

ஜனவரியில் அவனை லோனில்
வேறு ஊர் அணிக்குக் கொடுத்துவிட்டார்கள்.
பேப்பரில் இரண்டே வரி. அதிலும் பெயர் தப்பு.
நோட்டில் அந்தப் பக்கத்தை
நான் இன்னும் கூட்டி முடிக்கவில்லை.

போன வாரம் 29C-யில்
படிக்கட்டோரம் மோனிஷா நிற்கிறாள்,
முதுகு நிறைய என் கோணல் எழுத்து.
இலவசச் சீட்டைக் கிழித்தபடி கண்டக்டர்,
"நாகமணி, உள்ள தள்ளி நில்லும்மா."

திருத்துவாள் என்று பார்த்தேன்.
தள்ளி நின்றாள்.