தொப்பூரில் படித்தவை

புத்தகத் திருவிழாவில் கழிவு போக
ஆயிரத்து எண்பது ரூபாய்க்கு மூன்று நாவல்.
கணவாய்ச் சரிவில் ஆம்புலன்ஸை நிறுத்தி
அழைப்பு வராத இரவுகளில் படிக்கிறேன்.

முதலாவதில் எல்லோரும் அழகாகப் பேசுகிறார்கள்.
பால்காரர்கூட.
தொண்ணூறாம் பக்கத்தில் மூடி
டிரைவர் முனிரத்தினத்திடம் கொடுத்தேன்.
டீ கிளாஸ் வைக்கத் தோதான அளவு என்றார்.

இரண்டாவது பெரியது. விருது வாங்கியது.
நம்ம கணவாய் வருது மேடம் என்று
கடைக்காரர் சொல்லித்தான் எடுத்தேன்.
வருகிறது.
இருபத்தோராம் அத்தியாயத்தில் லாரி கவிழ்கிறது.
நிலா, ரத்தம், மூன்று பக்கம் மௌனம்.
ஐயா, இங்கே மௌனம் கிடையாது.
ஹாரன் ஓயாது. எவனாவது வீடியோ எடுப்பான்.
பாலக்கோட்டுத் தக்காளி ரோடெல்லாம் நசுங்கிக் கிடக்கும்,
எது ரத்தம் என்று
டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.
பென்சிலால் ஓரத்தில் எழுதினேன்: பொய்.
அடுத்த பக்கத்திலும்: பொய்.

அதற்கடுத்த பக்கத்தில்
கால் முறிந்த கிளீனர்
ஸ்ட்ரெச்சரில் ஏற மாட்டேன் என்கிறான்,
ஒற்றைச் செருப்பைக் காணோமாம்.

பென்சில் நின்றது.
போன ஆடியில் ஒருவர்
இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லாமல்
என் கையைப் பிடித்துக் கேட்டது அதைத்தான்.
புதுசு மேடம், நேத்து வாங்கினது.
நான் தேடவில்லை.
இதை யாரிடமும் சொன்னதில்லை,
எழுத்தாளருக்கு எப்படித் தெரிந்தது?

முந்தைய இரண்டையும் அழிக்கவில்லை.
அவை பொய்தான்.

மூன்றாவது நல்லாயிருக்கும் போல.
பதினோராம் பக்கம், அடைமழையில் ஒருத்தி
கதவைத் தட்டுகிறாள்.
இரட்டைப் பாலத்தருகே இரண்டு கார்,
முனிரத்தினம் வண்டியைக் கிளப்பிவிட்டார்.
அவள் கொஞ்ச நேரம்
வெளியிலேயே நிற்கட்டும்.