ஏழு மணி ஆட்டம், ஐந்தரை மணிப் பக்கம்

ஆட்டம் ஏழு மணிக்கு.
விளையாட்டுப் பக்கம் ஐந்தரைக்கே மூடிவிடும்.
அச்சு இயந்திரத்தை விற்றபிறகு எங்கள் நாளிதழ்
இருநூறு மைலுக்கு அப்பால் அச்சாகி
பனிச்சாலையில் லாரியேறி வருகிறது.
வெள்ளி இரவு விழுந்த கோலைத்
திங்கட்கிழமை படிக்கலாம்,
படிக்க யாராவது மிச்சமிருந்தால்.
பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பார்கள்.
நாங்கள் படைக்கு முந்திப் புறப்பட்டு
பந்தி கலைந்தபிறகு இலை போடுகிறோம்.

மிச்சிகனின் வடகோடி.
வளைகுடா நான்கு மாதம் உறைந்துகிடக்கும் ஊர்.
ஹாக்கி அரங்கின் கூரையடியில், ஹீட்டர் செத்த மாடத்தில்
நிருபர்களுக்கென்று ஆறு நாற்காலிகள்.

இருபத்திரண்டு வயதில்
ஒலிம்பிக் அனுமதி அட்டையைக்
கழுத்தில் மாட்டிப் பார்த்தவள் நான்.
கனவில் மட்டுமல்ல,
உணவக மெனு அட்டையைக் கத்தரித்து
ஷூ கயிற்றில் கோத்து
கண்ணாடி முன் நின்றும்.
முப்பதில் அது டெட்ராய்ட் வரை சுருங்கியது.
பிறகு
யாரையும் வீட்டுக்கு அனுப்பாத
ஒரு மார்ச் மாதம் போதும் என்றானது.
இப்போது பல் காப்பீடு.
கீழ்வரிசையில் வலப்பக்கம் ஒன்று,
வாகன நிறுத்தத்தில் நின்று பேட்டி எடுக்கும்போதெல்லாம்
கூசுகிறது.

ஒனெய்டா பிரஸ்காட்
பந்தய நிறுவனம் ஒன்றுக்கு
ஆட்டமே பார்க்காமல் முன்னோட்டம் எழுதுகிறாள்.
சம்பளம் இரட்டிப்பு.
ரூடி லம்பினென் இருபத்தாறு வருடம் எழுதிய அதே அரங்கில்
பனித்தளம் மெழுகும் வண்டி ஓட்டுகிறார்.
இடைவேளையில்
பையன்கள் கிழித்த கீறலெல்லாம்
அவர் சக்கரத்துக்குப் பின்னால்
ஈரமாய், பளபளப்பாய், ஒன்றுமே நடக்காததுபோல.
"அன்றைக்கு எழுதினேன், அழிந்தது.
இன்றைக்கு அழிக்கத்தான் சம்பளமே!"
கீழிருந்து கத்திக் கையாட்டுவார்.
அவருக்கு அது வேடிக்கைதான்.
எனக்குச் சிரிப்பு வர ஒரு வாரம் பிடித்தது.

நவம்பரில்
கவுண்ட்டி அவசர அழைப்பு மையத்துக்குத் தேர்வெழுதப் போனேன்.
காதில் கேட்கக் கேட்கத் தட்டச்ச வேண்டும்.
அது எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.
பேருந்து இரைச்சலுக்கு மேல்
பயிற்சியாளர்கள் கத்திய எண்களை
தோளில் இடுக்கிய ஃபோனில்
பதினான்கு வருடம் பிடித்தவள்.

மாதிரி அழைப்பில் ஓர் ஆள் அழுதான்.
மனைவி. படிக்கட்டு. பேச்சில்லை.
நான் கேட்டேன்:
"பெயரை எழுத்துக் கூட்டிச் சொல்கிறீர்களா?"

தேர்வாளர் பதிவை நிறுத்தினார்.
"முதலில் முகவரி. பெயர் இல்லாமலும் ஆம்புலன்ஸ் போகும்."

எங்களுக்கு நேர்மாறு.
பெயரில் பிழை வந்தால்
காலையிலேயே ஒரு தாய் அலுவலகம் ஏறிவிடுவாள்,
என் பையன் பெயரில் இரண்டு 'டி' என்று.
அவள் போனபின் முணுமுணுத்துத் திட்டியிருக்கிறேன்.
அப்படி ஒருத்தி கடைசியாக வந்து
எத்தனை வருடம் இருக்கும் என்று
ஹெட்ஃபோனைக் கழற்றாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.

வேலை கிடைத்தது. இரவுப் பணி.
காப்பீடு தொண்ணூறு நாள் கழித்து.

கடைசி வெள்ளி,
ஐந்தரைக்குப் பக்கத்தை மூடிவிட்டு
யாரும் அனுப்பாமலே மாடம் ஏறினேன்.
கையுறையால் நாற்காலியின் தூசு தட்டினேன்.
இரண்டாம் பகுதி முடியும் தறுவாயில்
ஒன்பதாம் எண் பையன்
விழுந்துகொண்டே அடித்தான், உள்ளே போனது.
குறிப்பேடு எடுத்து வரவில்லை.
உள்ளங்கையில் நேரத்தை எழுதிக்கொண்டு
பந்து யார் கொடுத்தது என்று கேட்கப்
பக்கத்தில் திரும்பினேன்.

ஐந்து நாற்காலிகள்.

சங்கு ஊதியது.
கீழே லம்பினென்
வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தார்.