நூற்றுப் பதினெட்டில் பாதி

செக்காலை ரோட்டில் மருந்துக்கடைக்கு மேலே
எங்கள் அலுவலகம். ஒரு ஏ.சி., இரண்டு மேசை,
கம்ப்யூட்டருக்குள்
ஓட்டலாக மாறப்போகிற கானாடுகாத்தான் வீடு ஒன்று.

பணம் தருகிறவர் கோலாலம்பூரில்.
கதவு திறக்க வேண்டும், பன்னிரண்டு விநாடி.
வெயில் முற்றத்தில் விழுந்து
ஆத்தங்குடிக் கல்லில் வழுக்க வேண்டும்.
அவ்வளவுதான் கேட்டார்.

பழைய கார்டு
ஈரோட்டில் எவனோ இரவுபகலாய்க் காசு தோண்டிச்
சலித்தபின் எங்களிடம் வந்தது.
நான்கு வருடம் உழைத்தது.
சித்திரையில் எண்பத்தாறு டிகிரி,
மிக்சியில் உளுந்து அரைபடும் சத்தம்.
ஒரு படத்தை முழுசாய்த் தீட்டச் சொன்னால்
நிழலெல்லாம் ரவை கொட்டியது மாதிரி புள்ளி.
புள்ளி அடங்குவதற்குள் ஹபீப்
கீழே போய் டீ குடித்துக்
கடன் சொல்லிவிட்டுத் திரும்பியிருப்பான்.

புதுசு வந்தது வெள்ளிக்கிழமை.
ராகுகாலம் போகட்டும் என்றேன் நான்.
ஜும்ஆ முடியட்டும் என்றான் அவன்.
இரண்டரைக்குப் பெட்டியைப் பிரித்தோம்.
ஐம்பத்தெட்டாயிரம் ரூபாய்,
செங்கல் கனம்.
உள்ளே போகவில்லை. ஹார்டுடிஸ்க் கூண்டைக் கழற்றி
இடம் பண்ணினோம்.

பந்தயம் பரோட்டா.
அதே வீடு, அதே கதவு, அதே வெயில்.
பழசு நொடிக்கு அறுபத்தொரு படம்.
புதுசு நூற்றுப் பதினெட்டு.
ஹபீப் மேசையைத் தட்டினான், டம்ளர் குதித்தது.

செட்டிங்ஸில் மூன்றாம் பக்கத்தில்
ஒரு பொத்தான் எரிந்துகொண்டிருந்தது.
அணைத்தேன்.
எழுபத்தொன்பது.

'மீதி எங்க?'

மீதி யூகம்.
வரைந்த படம் ஒன்று, அடுத்து வரைந்தது ஒன்று,
நடுவில் இப்படித்தான் இருந்திருக்கும் என்று
அதுவே ஒன்றைப் போட்டுக்கொள்கிறது.
நூற்றுப் பதினெட்டில் பாதி அப்படி.
வரைந்தது ஐம்பத்தொன்பது.
பழசைவிட இரண்டு குறைச்சல்.
ஹபீப் கொஞ்சநேரம் பேசவில்லை.
பிறகு, 'கண்ணுக்குத் தெரியுதா?' என்றான்.

தெரியவில்லை.
பொத்தானைப் போட்டே பதிவு செய்து அனுப்பினோம்.

அன்றிரவு ஒவ்வொரு படமாய் நிறுத்திப் பார்த்தேன்.
ஏழாவது விநாடி. கதவில் மூன்று பித்தளை வளையம்.
முந்தியதில் இரண்டு. பிந்தியதில் இரண்டு.
நூறில் ஒரு நொடி இருந்துவிட்டுப் போன அந்த வளையத்தை
எந்த ஆசாரியும் அடிக்கவில்லை,
எந்தக் கையும் பிடித்துத் தட்டப்போவதில்லை.
நான் மட்டும் பார்த்தேன்.
கோலாலம்பூர்க்காரர் 'ஸ்மூத்' என்றார்.
பணமும் போட்டார்.

பழசை விற்றோம், ஒன்பதாயிரத்து ஐந்நூறுக்கு.
வாங்கியவன் அடைக்கலம்,
புதுவயல் ரைஸ்மில்லில் கணக்கு எழுதுகிறவன்.
'ஓடுமா அக்கா?' என்று கேட்டான்.
ஓட்டிப் பார்க்கச் சொல்லி
வீட்டையே ஒரு பென்டிரைவில் கொடுத்தேன்.

பத்து நாள் கழித்து ஒரு போட்டோ அனுப்பினான்.
கார்டைக் கழற்றிப் போட்டிருக்கிறான்.
தகடுகளுக்கு நடுவே தூசி, பாய் பின்னியது மாதிரி:
அடியில் ஈரோட்டுச் சாம்பல்,
மேலே எங்கள் செம்மண்.
தவிடு ஊதுகிற குழாயால் ஊதினானாம்.
சிப்பின் மேல் காய்ந்த பசையைச் சுரண்டிவிட்டுப்
புதுப் பசை வைத்தானாம்.
'அக்கா, எழுபத்தொண்ணு வருது.'

எழுபத்தொன்று.

நோட்டை எடுத்தேன்.
எழுபத்தொன்பதில் எழுபத்தொன்று போக எட்டு.
ஐம்பத்தெட்டாயிரத்தில் விற்றதைக் கழித்தால்
நாற்பத்தெட்டாயிரத்து ஐந்நூறு.
எட்டால் வகுத்தேன்.
படம் ஒன்றுக்கு ஆறாயிரத்து அறுபத்திரண்டரை ரூபாய்.
அரையை அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

நான்கு வருடம்
ஒருநாள்கூட அதைத் திறந்து பார்க்கவில்லை.
இரண்டையும் ஒரே வெயிலில் ஓடவிட்டது உண்மை.
ஒன்றின் மூக்கைப் பொத்திக்கொண்டு.

ஹபீபிடம் சொன்னேன்.
'அப்ப பரோட்டா யார் வாங்கணும்?' என்றான்.
எனக்கும் தெரியவில்லை.

கீழே மருந்துக்கடை ஷட்டர் இறங்கியது.
புதுசு சத்தமே போடுவதில்லை,
அதனால் கேட்டது.
எழுந்துபோய்ப் பக்கக் கதவைக் கழற்றி
விசிறி இறக்கையில் விரலை வைத்தேன்.
பத்து நாள்தான்.
விரல் நுனியில்
லேசாய்ச் சிவப்பு.