கடனில் ஆறு வளைவுகள்

நானூற்றுச் சொச்சம் வளைவு என்றார்கள்.
நானூற்று இருபது என்று சத்தியம் செய்தவர்களும் உண்டு.
சேன் லூயியில் ரொட்டி விற்றவர் மட்டும்
சில்லறையை எண்ணிக்கொண்டே சொன்னார்:
"பொய் சொல்லாமல் அதை எண்ணி முடித்தவன்
இதுவரை இந்தக் கடைக்கு வரவில்லை."

புதுச்சேரிக்காரன் நான்.
எனக்குத் தெரிந்த மலை
ரயில் பாதைக்கு மேல் கட்டிய மேம்பாலம்.

முதல் நாள் காஃப்ர் சமவெளி.
மேகத்துக்குள் பாதி மாடு,
வெளியே பாதி மாடு,
வெளியே இருந்த பாதி மட்டும் மேய்ந்தது.
இரண்டாம் நாள் சலாஸி.
சாலைமேலேயே விழும் அருவி
கழுத்து வழி இறங்கி
காலுறையில் தங்கியது.
மூன்றாம் நாள், இது, சிலாவோஸ்.

முன்னால் ஜிஸ்லேன் மூனியாப்பேன்.
ஏதோ ஒரு கப்பல் கணக்கனின் காதில்
முனியப்பன் அப்படி விழுந்திருக்கிறார்.
மருத்துவமனையில் இரவுப்பணி முடித்து
நேரே சைக்கிளில் ஏறியவள்.
ஏறும்போது ஒரு சொல் பேசமாட்டாள்.
இறங்கும்போது கத்துவாள்,
வார்த்தையே இல்லாமல்,
பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்கும்படி.

ஓரிடத்தில் சாலை
தன் தலைக்கு மேல் தானே பாலம் போட்டு ஏறுகிறது.
எட்டிப் பார்த்தேன்.
சற்று முன்பிருந்த நான்
அங்கே இன்னும் மிதித்துக்கொண்டிருப்பது போலிருந்தது.
பாவம், அவனிடம் சொல்லவில்லை
மேலே என்ன இருக்கிறதென்று.

மஞ்சள் பேருந்து ஹாரன் அடித்தால்
பாறையோடு ஒட்டிக்கொள்ள வேண்டும்.
சுரங்கத்தில் ஹாரன் அடித்தால்
பாறையாகவே ஆகிவிட வேண்டும்.

முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
கெண்டைக்கால் சுருட்டி இழுத்தது.
கியர் தீர்ந்து வெகுநேரமாகியிருந்தது,
தண்ணீர் அதற்கும் முன்பே.

லாரி ஒன்று நின்றது. கோழித் தீவன மூட்டைகள்.
ஃபுல்ஜென்ஸ் பய்யே என்றார், கையை நீட்டி.
ஏறு என்பதற்கு எந்த மொழியிலும்
ஒரே சைகைதான்.
"பரவாயில்லைங்க" என்றேன் தமிழில்.
அவருக்குப் புரியவில்லை.
என் காலுக்கும் புரியவில்லை.

மூட்டைமேல் சாய்ந்து ஆறு வளைவுகள்.
அப்போதுதான் பார்த்தேன் மலையை.
செங்குத்துப் பாறையில் பூத்து நின்ற கற்றாழை,
அதற்கும் கீழே பறந்த நீள்வால் வெள்ளைப் பறவை.
அதுவரை மூன்று நாளும் நான் பார்த்தது
என் முன்சக்கரத்தை.

ஏழாவது திருப்பத்துக்கு மேலே சிவப்புத் தலைக்கவசம்.
ஜிஸ்லேன்.
லாரிக் கூரையை அறைந்தேன், நிறுத்தச் சொல்லி.
அவளைத் தாண்டுவதற்குள் இறங்கி
ஒரு புதருக்குப் பின்னால்
காலைத் தேய்ப்பதுபோல் நின்றேன்.

மிச்சம் பதினாறும் என் காலால்தான்.
அதைச் சொல்லிக்கொள்ள வேண்டும்போல் இருக்கிறது.

தேவாலயத்துக்கு எதிர்க் கடையில்
சோறும் சிலாவோஸ் பருப்பும்.
"எத்தனை?" என்றாள்.
"எண்ணவில்லை" என்றேன்.
அவள் எழுந்து வந்து என் முதுகைத் தட்டினாள்.
பாராட்டு என்றுதான் நினைத்தேன்.
தரையில் தவிடு கொட்டியது.
போய் உட்கார்ந்து
பருப்பில் எலுமிச்சை பிழிந்தாள்.

மறுநாள் விடியுமுன்
சத்தமில்லாமல் சைக்கிளை எடுத்தேன்.
பனியில் எல்லா வளைவும் ஒரே முகம்,
எந்த ஆறு என்னுடையதென்று அடையாளமில்லை.
இருபத்திரண்டு இறங்கி நின்றேன்.
நின்ற இடத்தில் ரொட்டிக்காரர் ஞாபகம் வந்தார்.
இன்னும் இரண்டு இறங்கினேன்,
வட்டிக்கு.

சைக்கிளைத் திருப்பி
ஒரு காலை மிதியில் வைக்கிறேன்.
எங்கோ மேலே, பனிக்குள்,
வார்த்தையே இல்லாமல்
ஒரு கத்தல்
இறங்கி வருகிறது.