வாயில் ரொட்டியோடு

பெரிக் நகரத்தில், ட்வீட் ஆறு
கடலில் கலக்கும் இடத்துக்கு மேலே
ஒரு மாடி அறை.
ஐல்சா பர்வஸ் பென்சில் சீவுகிறாள்.
பிறர் எழுதும் சரித்திர நாவல்களில்
தப்பான நூற்றாண்டில் வந்து நிற்கும் சொற்களைப்
பிடித்து வெளியே அனுப்புவது அவள் பிழைப்பு.
பக்கத்துக்கு இரண்டு பவுண்ட்.

போன வாரம் ஒரு சீமாட்டி
பனியில் விளக்கேந்தி
வேர்ஃபோர், வேர்ஃபோர் என்று
காணாமற்போன கணவனைத் தேடினாள்.
ஐல்சா ஓரத்தில் எழுதினாள்:
அம்மணி கேட்பது எங்கே அல்ல, ஏன்.
எழுதிவிட்டு
அந்த இரண்டு கேள்விக்கும் நடுவே
கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள்.

கிளெமன்ட் ஹல்லுக்குப் போய் ஒன்பது வாரம்.
தம்பியின் படகுக்கு எஞ்சின் மாற்ற
என்று சொல்லிப் போனான்.
எஞ்சின் மாற்ற ஒன்பது வாரம் ஆகாது,
இருவருக்கும் தெரியும்.

இன்றைக்குப் பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
ஆண்டு ஆயிரத்து முந்நூற்று எண்பத்தெட்டு.
கோட்டையின் வடக்கு வாசலில் தீ.
"அனான், பிரபு" என்கிறான் குதிரைலாயப் பையன்.
சொல்லிவிட்டு, சாவகாசமாக,
கையிலிருந்த ரொட்டியை மென்று முடிக்கிறான்.

நாவலாசிரியருக்கு அனான் என்றால் அப்புறம்.
அந்த ஆண்டிலோ
உடனே, இந்த மூச்சிலேயே, ஒரே பாய்ச்சலில்.
அதைச் சொன்னவன் வாயில்
ரொட்டி இருக்க முடியாது.

சூன், பிரசன்ட்லி, பை அண்ட் பை,
எல்லாமே ஒருகாலத்தில் வில்லை விட்ட அம்புதான்.
யாரோ ஒருவன் உடனே என்றான், எழுந்திருக்கவில்லை.
மறுநாளும் என்றான், எழுந்திருக்கவில்லை.
அடுப்பில் பால் பொங்கி வழிந்தது.
சொல் என்ன செய்யும், பாவம்,
காத்திருந்தவளைப் பார்த்துப் பார்த்து
அதுவும் உட்கார்ந்துவிட்டது.
நாம் மட்டும் என்னவாம்?
'இதோ' என்போம்.
விரல் நீட்டினால் தொடுகிற தூரத்துச் சொல்.
அதைச் சொல்லும்போது
குளிக்கவே போயிருக்க மாட்டோம்.

பிரசன்ட்லிக்கு மட்டும்
வடக்கே எல்லையைத் தாண்டினால்
பழைய சூடு ஆறவில்லை:
இப்போது, இந்த நிமிடம்.
ஐல்சா அந்தப் பக்கத்துக்காரி, டன்பாரில் பிறந்தவள்.
கிளெமன்ட் தெற்கத்தியான்.
கலியாணமான புதிதில்
"பிரசன்ட்லி சாப்பாடு" என்று அவள் கூப்பிட,
நிறைய நேரம் இருக்கிறது என்று
அவன் இன்னொரு வலையை மடியில் எடுத்துப் போட்டுக்கொள்வான்.
எத்தனை இரவு மீன் விறைத்துப்போனது!
யார்மீதும் தப்பில்லை என்று
ஒரு அகராதியைத் திறந்து
தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள்.
முதல் நான்கு வருஷம் சிரித்தார்கள்.

ஜன்னலுக்கு வெளியே கலங்கரை விளக்கம்.
அவள் ஊரில் அதற்கு யான் விளக்கு என்பார்கள்.
நம் காதில் அது பழைய 'நான்' போல விழும்;
அங்கே அதற்கு
இதுவுமில்லை, அதுவுமில்லை,
கண்ணுக்கு எட்டி, கைக்கு எட்டாமல் நிற்பது.
ஏறக்குறைய நம்முடைய உது.
நாமும் அந்த உகரத்தை எங்கோ வைத்துவிட்டுத் தேடுகிறவர்கள்தான்
(யாழ்ப்பாணத்தார் மன்னிக்க).

ஆறு மணிக்குத் தொலைபேசி.
பின்னணியில் கடற்காகங்கள்.
"எஞ்சின் முடிந்தது."
"சரி."
"வந்துவிடுவேன், பிரசன்ட்லி."
அவள் பென்சிலைக் காதோரம் செருகிக்கொண்டாள்.
"யாருடைய பிரசன்ட்லி? உன்னுடையதா, என்னுடையதா?"
அந்த முனையில் ஒன்றுமில்லை.
பிறகு மூக்கு வழியாக வரும் அந்தச் சிரிப்பு,
ஒன்பது வாரத்துக்கும் முந்தியது.
பதில் அவன் சொல்லவில்லை.
மீன் வாங்கி வைக்கட்டுமா என்று
அவளும் கேட்கவில்லை.

மறுபடி பக்கம் இருநூற்றுப் பன்னிரண்டு.
பையன் அங்கேயே நிற்கிறான்.
கோட்டை எரிகிறது.
அனானை அடிக்க வேண்டும், அதற்குத்தான் சம்பளம்.
கோடு பாதிச் சொல் வரை போனது.
ரப்பரை எடுத்து அதை அழித்தாள்.
ரொட்டி இருந்த இரண்டு வரியை
அழுத்தி அடித்தாள்.
இனி அவன் ஓடித்தான் ஆக வேண்டும்.